பானெட்டின் மேல் கம்பளி சாக்ஸ்

"இன்னும் காயலீங்க..." கொடியில் தொங்கிய கம்பளி சாக்ஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள் வசந்தாமணி.

"நேத்துத் தோய்ச்சது இன்னிக்கு எப்படிக் காயும்? ரெண்டு நாளாகும்னு உனக்குத் தெரியாதா?" அர்த்தநாரி செருப்பை மாட்டிக்கொண்டான். "நாமக்கல் போயிட்டு வாரதுக்கு வெறுங்காலே போதும். வந்து போட்டுக்கறேன்."

எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. வருஷா வருஷம் போகிற மாதிரி இருவரும் கொல்லிமலை ஏறி இறங்கி வந்திருந்தார்கள். கொடியில் அவனுடையது ஒரு ஜோடி, அவளுடையது ஒரு ஜோடி. அன்று மத்தியானம் நாமக்கல் லாரிப் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு பார்த்தால்... இரண்டு ஜோடியும் நன்றாகக் காய்ந்திருந்தன.

ஆனால் வசந்தாமணிக்கு அவனை நினைத்தால் அந்தக் கொடி முதலில் நினைவுக்கு வருவதில்லை. ஒரு லாரியின் மூக்குத்தான் வரும். அதன்மேல் ஈரம் சொட்டும் ஒரு ஜோடி சாக்ஸ் வரும். சிரிப்பும் வந்துவிடும்.

அது எழுபத்தேழில். ஆயுத பூஜைக்கு மறுநாள்.

நாமக்கல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்த வசந்தாமணி, என்.சி.சி.யில் இமயமலை நடைப்பயணத்துக்குத் தேர்வாகியிருந்தாள். அதற்காக விடுமுறை நாளெல்லாம் சங்ககிரிக் கோட்டை மலையை ஏறி இறங்கிப் பழகினாள். உள்ளே ஒரு பருத்தி சாக்ஸ், அதற்கு மேல் மெட்ராஸிலிருந்து வந்த கம்பளி சாக்ஸ், அதற்கு மேல் பூட்ஸ். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

அன்று பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. அடிவாரத்துக்கு வந்தபோது பூட்ஸுக்குள் குளம். ரோட்டோர டீக்கடைக்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. சந்தனமும் குங்குமமும் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் புதுப்பெண் மாதிரி இருந்தது. அதன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். இதமான சூடு... கம்பளி சாக்ஸைக் கழற்றி அதன்மேல் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

"ஏனுங் அம்மிணி..."

திரும்பினாள். நெடுநெடுவென்று ஓர் இளைஞன். மழைத்துளி முன்மயிரில் நின்றது. உதடு இன்னும் சிரிக்கவில்லை, கண் சிரித்துவிட்டது.

"வண்டிக்கு மாலை போட்டுப் பாத்திருக்கறேன். எலுமிச்சம்பழம் கட்டிப் பாத்திருக்கறேன். சாக்ஸ் சாத்தறத இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!"

டீக்கடையே சிரித்தது. அவளுக்குக் காது சுட்டது.

"சூடு சும்மாத்தானுங்களே போகுது? சித்த நேரம் காஞ்சா என்னங்க கொறஞ்சு போச்சு?"

"எனக்கொண்ணுமில்லீங்க. எங்க அம்மிணிதான் கோவிச்சுக்கும். நேத்துத்தான் பூசை போட்டுது."

"உங்க... அம்மிணியா?"

"வண்டியச் சொன்னேனுங்க."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவன் குனிந்து பார்த்தான். "கம்பளியா! மேச்சேரி ஆட்டை மொழுக்கச் செரைச்சாலும் இத்தனை ரோமம் தேறாதே... எதுக்குங்க இது?"

"இமயமலைக்குப் போறேன்."

"இமயமலைக்கா? இந்தச் சங்ககிரித் தூத்தலுக்கே ஓடியாந்துட்டீங்களே!"

சுருக்கென்றது. "உக்காந்துட்டே ஊரச் சுத்தறவங்களுக்கு நடக்கறவங்க பாடு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு விளக்கணைந்த மாதிரிப் போய்விட்டது. இரண்டு சாக்ஸையும் நுனியில் பிடித்து மெதுவாக எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"லுதியானா வரைக்கும் ஜவ்வரிசி லோடு ஓட்டறவனுங்க நானு. அங்க பனியில பிரேக் மிதிக்கற காலு மரத்துப்போகும். உக்காந்துட்டுத்தான்."

லாரி கிளம்பிப் போயிற்று. நெற்றியில் 'செங்கோடன் துணை' என்று எழுதியிருந்தது. மழை விட்டும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்... அந்தக் கண் அணைந்திருக்க வேண்டாம்...

வீட்டுக்கு வந்து சாக்ஸைத் தொப்பென்று மூலையில் போட்டதுதான் அவள் செய்த தப்பு.

அம்மா ஆத்தாயி பருத்திக் காட்டுக்காரி. அழுக்குத் துணி என்றால் அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். மறுநாள் வசந்தாமணி கல்லூரி விட்டு வந்தபோது அண்டாவில் சலவைச் சோடா நுரைத்துக்கொண்டிருந்தது.

"ஆட்டு வாடை கொடலப் புடுங்குச்சு சாமி. நல்லா வேக வெச்சு, கல்லுல நாலு சாத்துச் சாத்தியிருக்கறேன். பாரு, எப்படி வெளுத்திருக்குது!"

வெளுத்துத்தான் இருந்தது. முழங்கால் வரை வந்த சாக்ஸ் இப்போது அவள் உள்ளங்கைக்குள் அடங்கிற்று. இரண்டு விரல் விட்டால் மூன்றாவது போகவில்லை.

"அம்மா..!"

"ஏஞ் சாமி? வாடை போகலியா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சேலம் கடைவீதியில் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸை எடுத்துப் போட்டார்கள். ஊட்டிக்குப் போன ஒரம்பரைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டதில் ஒரு குரங்குக் குல்லாய் வந்து சேர்ந்தது. கார்த்திகை பிறந்ததும் உடைமைச் சோதனை. ஒரு சாமான் குறைந்தாலும் அவள் இடத்தில் வேறொருத்தி போவாள் என்று என்.சி.சி. அதிகாரியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா சென்னிமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இமயமலை அண்டாவுலயே கரைஞ்சு போச்சா? நல்லதாப் போச்சு. திருச்செங்கோட்டுக்காரங்கள அந்த வாரமே பொண்ணுப் பாக்க வரச் சொல்லீறலாம்."

இரவெல்லாம் யோசித்தாள். கம்பளி விற்கிற ஊருக்குப் போகிற ஒரே ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும். அவனிடம் போய் நிற்பதா... நின்றாள்.

'செங்கோடன் துணை' லாரியை விசாரித்துக்கொண்டு போன சங்ககிரி லாரிப் பட்டறையில், வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. குதிகாலெல்லாம் பனிவெடிப்பு. அவள் தொண்டையைச் செருமினாள்.

"அன்னிக்கு நாஞ் சொன்னது... தப்புங்க."

"எதுங்க? எங்க அம்மிணிக்குச் சாக்ஸ் சாத்துனதா?" வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"விளையாடாதீங்க. உக்காந்துட்டே சுத்தறவங்கன்னு சொன்னது."

அவன் மெல்ல வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். அவள் சுருங்கிய சாக்ஸ் ஒன்றை நீட்டினாள்.

"இதென்னுங்க, சுண்டுவெரலுக்கு உறையா?"

"அம்மா வேக வெச்சுட்டாங்க..."

அவன் பின்னால் சாய்ந்து சிரித்த சிரிப்பில் தலை மட்கார்டில் இடித்தது. தேய்த்துக்கொண்டே மறுபடியும் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

"லுதியானாவுல இந்தக் கம்பளியிலயே வேணுமுங்க. மாதிரிக்கு இத எடுத்துட்டுப் போங்க. கார்த்திகை முதல் திங்கக்கிழமை காலைல எனக்குச் சோதனை. அதுக்குள்ள... வந்துருவீங்களா?"

போய் வருவதற்கே நாள் சரியாக இருக்கும். வழியில் அச்சு முறிந்தால் போயிற்று. அதையெல்லாம் அவன் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தான். மழைக்கு முந்திய வானம் மாதிரி இருந்தது அது.

"வாரேன்" என்றான்.

அந்தத் திங்கட்கிழமை விடியும்போது வசந்தாமணி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்காக நின்றாள். முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். இரண்டாவதையும் விட்டாள். இன்னொன்று போனால் சோதனைக்கு நேரமாகிவிடும்... பனிமூட்டத்துக்குள் ஒரு ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது.

லாரி வந்தது. மாலை கட்டும் இடத்தில் ஒரு ஜோடி சாம்பல் நிறச் சாக்ஸ் கட்டியிருந்தது. காற்றில் அதன் கால்கள் ஆடிக்கொண்டே வந்தன.

அர்த்தநாரி குதித்து இறங்கினான். கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. அந்த ஜோடியை அவிழ்த்து நீட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்குன்னு வாங்கிப் போட்டதுங்க இது. ஆத்துல பச்சத்தண்ணியில தோய்ச்சேன். பிழியல, அடிக்கல, வேக வைக்கல."

"அப்ப எனக்கு வாங்குனது?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தான். பிரித்தாள். சிவப்பும் வெள்ளையுமாக, நுனியில் நூல் குஞ்சம் வைத்து... கைக்குழந்தை சாக்ஸ்!

"நீங்க குடுத்த மாதிரியக் கடைக்காரர்கிட்ட வெச்சேன். மனுசன் அதையே அளவுன்னு நெனச்சு, வெரலால அளந்து பாத்து, சிரிச்சுட்டே பொட்டலம் கட்டிட்டாரு. நானும் பிரிக்காம வாங்கிட்டேன். ஆக்ரா தாண்டித்தான் பிரிச்சேன். திரும்பிப் போனா நாளாயிரும்..."

"அதனால உங்களுத கழட்டிட்டீங்க. அந்தப் பனியில... உங்க காலு?"

"நாந்தான் உக்காந்துட்டே வாரவனாச்சே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பதறினான். "சும்மா சொன்னேனுங்க அம்மிணி!"

அங்கேயே மைல்கல்லின் மேல் உட்கார்ந்து பருத்தி சாக்ஸின் மேல் அந்தப் பெரிய சாக்ஸை இழுத்துவிட்டாள். குதிகாலில் கொஞ்சம் தொளதொளத்தது. நடந்து பார்த்தாள். போதும்... இமயமலை வரைக்கும் போதும்.

"இந்தச் சின்னத என்னங்க பண்றது? அடுத்த நடையில திருப்பிக் குடுத்துருங்க."

"குடுக்கலாம்..." அவன் லாரியின் மூக்கைத் தடவினான். "குடுக்க மனசு வரலீங்க. வழியெல்லாம் முன்னால வெச்சுப் பாத்துட்டேதான் வந்தேன். நம்ம ஊட்டுலயும் என்னிக்காச்சும் ஒரு சின்னக் காலு..." சட்டென்று நிறுத்தினான்.

"நம்ம ஊட்டுலயா?"

"வாய் தவறிருச்சுங்க."

தூரத்தில் பஸ் வந்தது. வசந்தாமணி பையைத் தோளில் மாட்டினாள்.

"தவறலீங்க" என்றாள். "மலை எறங்கி வந்து எங்கப்பாகிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் அது உங்ககிட்ட இருக்கட்டும்... வெந்நி மட்டும் காட்டீறாதீங்க."

லாரிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சென்னிமலை அடுத்த ஆடி வரை முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆத்தாயிதான் அடித்துப் பேசினாள்: "நாஞ் சாக்ஸ வேக வெச்சதுக்கு அந்தப் பையன் லுதியானா வரைக்கும் போயிருக்கறான். நீங்க சம்மதிக்கறதுக்கு எங்க போகோணும்?" அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முறைக்க முடியவில்லை.

சின்னச் சாக்ஸை அவர்கள் மகள் ஒரு மார்கழி முழுக்கப் போட்டுக் கழித்தாள். பெரியவை குதிகாலில் நைந்து வெளிச்சம் தெரியும்போதெல்லாம், வடக்கே போகிற நடையில் அர்த்தநாரி புதிதாக இரண்டு ஜோடி வாங்கி வருவான். அப்போதெல்லாம் பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுவான்.

அவன் போன மறு வருஷம் ஐப்பசியில் வசந்தாமணி மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினாள். பருத்தி சாக்ஸின் மேல் அவனுடைய ஜோடியைப் போட்டுக்கொண்டாள். குதிகாலில் அதே தொளதொளப்பு. இறங்கி வந்து பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், நுனியில் பிடித்து நிழலில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் மகள் எட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் காயலம்மா."

காயாது. கம்பளி சாக்ஸ் நிழலில் காய இரண்டு நாள் ஆகும்.