ஜஸ்லீனுக்கு அலர்ஜி இல்லை

ஜஸ்லீன் கௌர் கோழிக்கறியை விட்டது போன வருடம் வைசாகிப் பண்டிகை அன்று. மீனை விட்டது தசராவுக்கு முந்தின வாரம். முட்டையை விட்டு மூன்றே மாதம்தான் ஆகிறது.

யாரும் அவளை விடச் சொல்லவில்லை. அவளுடைய அப்பா ஹர்பிந்தர் சிங், பஞ்சாபிலிருந்து மைசூருக்கு வந்து அங்கே ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அம்மா மகேஸ்வரி கொள்ளேகாலத்துத் தமிழ்ப் பெண். வீட்டில் பேச்சு தமிழ்தான். அப்பாவும் நன்றாகவே பேசுவார், 'ழ' மட்டும் வராது. அவர் வாயில் கோழி எப்போதும் கோலிதான்.

வைசாகிக்கு பெங்களூரில் உள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குப் போனபோதுதான் எல்லாம் தொடங்கியது. அங்கே லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டியும் பருப்பும். காரில் வந்தவர், ஆட்டோ ஓட்டுபவர், வழியில் போன யாரோ ஒருவர், எல்லாருக்கும் அதே சாப்பாடு.

"இங்க ஏம்ப்பா எப்பவும் சைவம்?" என்று கேட்டாள் ஜஸ்லீன்.

"யார் வந்தாலும் தயங்காம உட்கார்ந்து சாப்பிடணும் இல்ல? அதுக்குத்தான்," என்றார் அப்பா. "வீட்டுல அவங்கவங்க விருப்பம். நம்மள்ல கறி சாப்பிடறவங்களும் இருக்காங்க, தொடாதவங்களும் இருக்காங்க."

ரயிலில் திரும்பி வரும்போது ஜஸ்லீன் மண்டியா வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "என் தட்டும் லங்கர் மாதிரியே இருக்கட்டும்ப்பா," என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. "சரி. எதை எப்ப விடறதுன்னு நீயே முடிவு பண்ணு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அப்பாவே இன்னும் மீனை விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை வறுவல் வாசனை வந்தால் ஜஸ்லீன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். "உன்னைப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு," என்பார் அப்பா, முள்ளை எடுத்துக்கொண்டே.

வீட்டில் சிக்கல் இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல்.

முட்டையை விட்ட முதல் வாரம், வகுப்பில் பக்கத்து பெஞ்சு ஸ்வாதி முட்டை பஃப்ஸைப் பிய்த்து நீட்டினாள்.

"வேண்டாம். நான் முட்டையை விட்டுட்டேன்."

"ஏன், சாமிக்கா?" ஸ்வாதிக்குச் சிரிப்பு பொங்கியது. "போன மாசம் ரெண்டு தின்னியே! உங்க சாமிக்கு இந்த மாசம்தான் தெரிஞ்சுதா?"

வகுப்பே சிரித்தது. ஸ்வாதி கெட்டவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். ஆனால் ஜஸ்லீனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அடுத்து என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொன்னாள்:

"சாமி இல்ல... அலர்ஜி. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்."

சிரிப்பு சட்டென்று நின்றது. "அய்யோ! முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று ஸ்வாதி பஃப்ஸைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அதன் பிறகு யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொய் என்றாலும் எவ்வளவு வசதி!

அந்தப் பொய்யை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் தாரணி. ஜஸ்லீனின் உயிர்த்தோழி. கடையில் எந்த பிஸ்கட் வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படிப்பாள். "முட்டை இல்ல. நீ சாப்பிடலாம்," என்று பெரிய டாக்டர் போலச் சொல்லுவாள். அப்போதெல்லாம் ஜஸ்லீன் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பிஸ்கட்டைக் கடிப்பாள்.

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை, சாரணர் இயக்கத்தின் கைட்ஸ் மாணவிகளுக்கு ஒருநாள் முகாம். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பு. நாலு நாலு பேராகப் பிரிந்து, கல் அடுக்கி அடுப்பு மூட்டி, தாங்களே சமைக்க வேண்டும். அரிசி, பருப்பு, முட்டை, கோதுமை மாவு, எல்லாம் பள்ளியே கொடுத்துவிட்டது. ஒரு மணிக்கு கௌரம்மா மிஸ் வந்து ருசி பார்த்து மார்க் போடுவார்.

ஜஸ்லீன், தாரணி, ஸ்வாதி, பூங்குழலி ஒரு குழு. ஜஸ்லீன்தான் தலைவி.

"ஒரு அடுப்புல முட்டைக் குழம்பு, இன்னொண்ணுல பருப்பு," என்று பிரித்தாள் அவள். "நான் பருப்பைப் பார்த்துக்கறேன்."

"ரெண்டு கரண்டி!" என்று தாரணி எல்லாரையும் எச்சரித்தாள். "இது குழம்புக்கு. இது பருப்புக்கு. மாத்தினீங்கன்னா நான் கொன்னுடுவேன்."

மாம்பூ உதிர்ந்து குழம்பில் விழுந்தது. புகை எல்லார் கண்ணிலும் புகுந்தது. பூங்குழலி ஊதி ஊதி, மூக்கு நுனியில் கரி அப்பிக்கொண்டாள். பன்னிரண்டரை மணிக்குப் பருப்பு கொதித்து வந்தது. ஜஸ்லீன் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி வாயில் போட்டாள். "உப்பு சரியா இருக்கு!"

அப்போதுதான் தாரணி தன் கையைப் பார்த்தாள். பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. உடைந்த முட்டையின் மஞ்சள் கரு. புகையில் கண் தெரியாமல் அவளே கரண்டியை மாற்றி எடுத்துவிட்டாள்.

"துப்பு! துப்புடி!" என்று அலறினாள். "முட்டை! முட்டை பட்டுடுச்சு!"

ஜஸ்லீன் விழுங்கியிருந்தாள்.

தாரணி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். ஆபத்து என்றால் மூன்று முறை. தோப்பு முழுவதும் கரண்டிகள் கீழே விழுந்தன. கௌரம்மா மிஸ் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். பயத்தில் இரண்டும் இன்னும் கலந்துவிட்டன.

"அய்யோ தேவரே! மூச்சு வருதாம்மா? நாக்கு நீட்டு! முனிராஜ், வேன் எடுங்க, பேக பேக, சீக்கிரம்!"

வேன் டிரைவர் முனிராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து ஓடினார். மிஸ் ஃபோனை எடுத்து அம்மாவின் நம்பரைத் தேடினார். இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

ஜஸ்லீன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். பேசாமல் வேனில் ஏறிவிட்டால் என்ன? ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவள் என்று எல்லாரும் கொண்டாடுவார்கள்.

அப்போது தாரணியின் குரல் கேட்டது. மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். "என்னாலதான். எல்லாம் என்னாலதான்."

ஜஸ்லீனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மிஸ், ஃபோன் பண்ண வேண்டாம். எனக்கு அலர்ஜியே இல்ல."

"ஏனு? என்னது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது மிஸ். நான் பொய் சொன்னேன்."

மிஸ் ஃபோனைக் கீழே இறக்கினார். வேன் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

ஜஸ்லீன் தாரணிக்கு முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள். "உன்மேல தப்பே இல்லடி. நான் சீக்கியப் பொண்ணு. கறி, மீன், முட்டை, ஒண்ணொண்ணா நானே விட்டேன். யாரும் சொல்லி இல்ல. எல்லாரும் சிரிச்சாங்கன்னு அலர்ஜின்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

தாரணி கண்ணைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் கோபம் வந்துவிட்டது.

"மூணு மாசமா பாக்கெட்டு பாக்கெட்டா படிச்சேன்! கன்னடத்துல இருக்கறதையும் படிச்சேன்! நீ செத்துடுவேன்னு பயந்துட்டேன்டி!"

"தெரியும்."

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருந்தா, அதே மாதிரிதானே படிச்சிருப்பேன்?"

அப்படி ஜஸ்லீன் யோசித்ததே இல்லை.

கௌரம்மா மிஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அலர்ஜின்னு பொய் சொன்னா, நாளைக்கு நிஜமா அலர்ஜி இருக்கற பிள்ளையை யாரு நம்புவாங்க? போ, முனிராஜ் அண்ணன்கிட்ட சாரி சொல்லு. பாதி சாப்பாட்டுல எழுந்து வந்திருக்கார். உங்க குழுவுக்கு அஞ்சு மார்க் கட்."

"சரி மிஸ்," என்றாள் ஜஸ்லீன். போய் மன்னிப்புக் கேட்டாள். முனிராஜ், "அதெல்லாம் விடும்மா, நல்லா இருக்கியே, அது போதும்," என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சோற்றுக்குத் திரும்பினார்.

அடுப்படிக்கு வந்தபோது ஸ்வாதி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப இந்தப் பருப்பை இப்ப நீ சாப்பிடலாம்தானே? அதான் ஒண்ணும் ஆகாதே."

"ஒண்ணும் ஆகாதுதான். ஆனா சாப்பிட மாட்டேன்."

"ஒரு ஸ்பூன் ஏற்கெனவே போயாச்சே!"

"அது தெரியாம போனது. இனி போறது தெரிஞ்சு போறது." ஜஸ்லீன் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இந்த முறை காது சூடாகவில்லை. "நீங்க மூணு பேரும் பருப்பைச் சாப்பிடுங்க. நல்லாத்தான் இருக்கு. எனக்கு ரொட்டியும் வெங்காயமும் போதும். மாவு நிறைய இருக்கு, எல்லாருக்கும் ரொட்டி போடறேன்."

மாவு பிசைவதென்றால் அவளுக்குப் பழக்கம். குருத்வாரா போகும்போதெல்லாம் பெரிய அண்டாவுக்கு முன்னால் முழங்கை வரை மாவோடு நின்றிருக்கிறாள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். உருண்டை பிடித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டித் திருப்பினாள். தவாவில் போட்டதும் ரொட்டி பூரி மாதிரி உப்பியது.

சிறிது நேரம் கழித்து, தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினாள். அது கர்நாடக வரைபடம் மாதிரி வந்தது.

"இதுல மைசூர் எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஜஸ்லீன்.

தாரணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. "இதோ, கீழே, கருகிப்போன இடம்," என்றாள்.

ரொட்டி வாசனை பிடித்துப் பக்கத்துக் குழுப் பெண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். அவர்கள் சோறு அடிப்பிடித்துவிட்டதாம். "எல்லாரும் வரிசையா உட்காருங்க," என்றாள் ஜஸ்லீன். மரத்தடியில் வரிசை நீண்டது. கௌரம்மா மிஸ் மார்க் போட வந்து, அவரும் வரிசையிலேயே உட்கார்ந்து மூன்று ரொட்டி சாப்பிட்டார். கட் செய்த அஞ்சு மார்க்கைத் திருப்பித் தரவில்லை. ஜஸ்லீன் குழுவுக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது.

எல்லாருக்கும் போட்ட பிறகு ஜஸ்லீன் தன் தட்டோடு கடைசியாக உட்கார்ந்தாள். ஸ்வாதி எதிரே நகர்ந்து வந்தாள். இந்த முறை அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"நிஜமா கேக்கறேன். எதை விடறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

"மீன் வறுவல்."

"இப்பவும் வாசனை வந்தா?"

"வாய்ல எச்சில் ஊறும்."

"அப்புறம்?"

"முழுங்கிட்டு மாடிக்குப் போயிடுவேன்."

வரிசை முழுவதும் சிரித்தது. ஜஸ்லீனும் சிரித்தாள்.

"அடுத்து எதை விடப்போறே?" என்று கேட்டாள் பூங்குழலி, கரி மூக்கோடு.

"அடுத்தது விடறது இல்ல. எங்கள்ல சில பேர் இரும்புப் பாத்திரத்துல சமைச்சதை மட்டும்தான் சாப்பிடுவாங்க. அதையும் ஒருநாள் செஞ்சு பார்க்கணும். எப்பன்னு இன்னும் முடிவு பண்ணல."

"யாரு முடிவு பண்ணுவாங்க? உங்க அப்பாவா?"

ஜஸ்லீன் வாய் திறப்பதற்குள் தாரணி சொல்லிவிட்டாள். "அவதான் பண்ணுவா. வேற யாரு?"

சொல்லிவிட்டு, தட்டில் மீதி இருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து ஜஸ்லீன் தட்டில் வைத்தாள்.