எடுத்துவிட்ட மூன்று நிமிடம்

“மாதிரிதான செல்வி, மாதிரிய யாரு போயி—”

“மாதிரின்னாலும் மூணு நிமிசம் மூணு நிமிசந்தாம்ல!”

“நான் சொல்லுததக் கொஞ்சம்—”

“என்னத்தச் சொல்லுவ? எங்கய்யா கிணத்துக்குள்ள நின்னாவ. நீ மேல நின்ன, கையில போன வச்சுக்கிட்டு.”

கோமதிசங்கர் கதவைப் பாதி சாத்திப் பிடித்திருந்தான். வாசலில் இசக்கிசெல்வி, அவனோடு படித்தவள். அவள் அப்பா நல்லகண்ணுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தெரு முழுக்கத் தறி ஓடிய சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

கிணற்று மோட்டாரைத் தானாக இயக்கும் நிரல் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தது. பைத்தான் மொழியில் மாதிரி எழுதியவள் அவள். அதை சி மொழிக்கு மாற்றியவன் இவன். கரண்ட் வந்தால் மூன்று நிமிடம் காத்திருந்துதான் மோட்டார் ஓட வேண்டும், உள்ளே ஆள் இருந்தால் ஏறிவரட்டும் என்று எழுதியிருந்தாள். ஓட்டிக் காட்டும்போது பார்க்கிறவனுக்குச் சலிக்கும் என்று அந்த வரியை மட்டும் இவன் எடுத்துவிட்டான்.

பனவடலிசத்திரத்தில் நல்லகண்ணுவின் கிணற்றிலேயே பொருத்தி, வேலை கேட்டு அனுப்ப வீடியோ எடுத்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் வயர் பார்க்க உள்ளே இறங்கியிருந்தார். பம்ப் அறை பல்பு எரிந்தது. கீழிருந்து கேட்டார்: “ஏலே சங்கரு, கரண்டு வந்துட்டா?” வீடியோவில் தன் குரல் விழ வேண்டாம் என்று பேசாமல் இருந்தான். மூன்று நிமிடம் இருக்கிறதே. அந்த வரியை எடுத்தது தான்தான் என்று மோட்டார் உறுமியபோதுதான் நினைவுக்கு வந்தது. வயர் பிடித்த கையோடு அவர் தண்ணீரில் கிடந்தார்.

கேட்டவர்களிடமெல்லாம் கிழவர் சொல்லாமல் இறங்கிவிட்டார் என்றான்.

“நிரல் வச்சிருக்க அந்தப் பக்கத்துல எழுது,” என்றாள் செல்வி. “நான் எடுத்தேன், ஒரு உசுரு போச்சுன்னு எழுது. நாளைக்கு இன்னொருத்தன் எடுத்து மாட்டுவாம்லா?”

“எழுதுனா எனக்கு எவன் வேல தருவான்?”

அவள் குரல் இறங்கியது. “சரி. நீ எடுத்த மூணு நிமிசம் எங்கயும் போயிராது. எங்க கிணத்துக்குப் பதினெட்டுப் படிதான். எங்கய்யா ஏறி வந்துருவாவ.”

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. தெரு சட்டென்று ஊமையானது. அரைமணியில் தறிகள் ஒவ்வொன்றாகச் சடசடத்து எழுந்தன. இவன் வீட்டு மின்விசிறி மட்டும் அசையவே இல்லை. வேர்வையோடு அண்ணாந்து நின்றவனுக்குப் பாசி படிந்த தண்ணீரின் வாடையும், அதற்கடியில் கருகிய செம்புச்சுருளின் காரமும் மூக்கில் ஏறின. பிறகு ஈரக்கால் கல்படியில் ஏறுகிற ஓசை. ஆறு முறை. மின்விசிறி சுற்றியது. ஓசை நின்றது. மாடியே இல்லாத வீடு அது.

“உம்ம வீட்டுக்கு மட்டும் கரண்டு நடந்து வருதோ வே?” என்று சிரித்தார் எதிர்வீட்டுத் தறிக்காரர் மைதீன். மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “லைன்ல கோளாறு ஒண்ணும் இல்ல” என்றார்.

அடுத்த நாள், ஆறு விட்ட இடத்திலிருந்து ஏழு. எட்டு. பன்னிரண்டு வரை. கைக்கடிகாரத்தில் சரியாக மூன்று நிமிடம்.

அன்று சாயங்காலமே அந்த வரியைத் திரும்பச் சேர்த்தான். மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் காத்திருந்தது. ‘நான் எடுத்தேன்’ என்று அடித்தான். அழித்தான். ‘சிறு திருத்தம்’ என்று எழுதி அனுப்பிவிட்டான். செல்விக்குப் போன் செய்தான்.

“சேத்துட்டேன் செல்வி. போதும்லா?”

“பாத்தேன்,” என்றாள். “சிறு திருத்தமா?”

வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள். மத்தியானம். கரண்ட் போனது. வெளியே ஓடிவிடலாம் என்று நாற்காலியிலிருந்து காலை ஊன்றினான். தரை சில்லென்றது. தண்ணீர். கணுக்கால் வரை, கறுப்பாக, அலையே இல்லாமல். மேசைக்கடியில் அவன் லேப்டாப் வயர் செருகிய பிளக் பெட்டி அதற்குள் மூழ்கிக் கிடந்தது.

எதிரே மைதீன் தறி சடசடத்தது. அடுத்த வீடு. அதற்கடுத்தது. தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது.

பதிமூன்று.

கதவு ஐந்தடி தூரம். காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீருக்குள் ஏதோ கணுக்காலைச் சுற்றியிருந்தது. வயர் இல்லை. விரல்கள்.

பதினாறு.

இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பதினேழு.

வாடை கழுத்தருகே வந்தது. ஈரம் சொட்டுகிற மூச்சு.

பதினெட்டு.

“ஏலே சங்கரு, கரண்டு வந்துட்டா?”