மேல் வீட்டுக்கு முதல் இருபது நிமிடம்

கண்டி நகரின் மலைச்சரிவில் ஒரு ஒழுங்கை இருக்கிறது. அதற்குள் ஓட்டோ போகாது, சைக்கிளும் போகாது. மொத்தம் எண்பத்தாறு படிகள், பதினான்கு வீடுகள். நடுவில் இன்ஷிராவின் வீடு. ஆக உச்சியில் அவளுடைய உயிர்த்தோழி அனற்றின் வீடு.

அந்த அனற் ஒழுங்கையை விட்டே போகப் போகிறாளாம். காரணம் தண்ணீர்.

மழை இல்லாததால் புதனும் சனியும் காலை ஆறு முதல் ஏழு வரைதான் குழாயில் தண்ணீர். கீழ் வீட்டார் எல்லோரும் பிடித்து முடிப்பதற்குள் மணி ஏழாகிவிடும். அனற் வீட்டுக் குழாய் 'உஸ்' என்று காற்றை ஊதும், அவ்வளவுதான். அவளும் அவளுடைய அப்பா வலன்ரைனும் கீழே போய் வாளி வாளியாகத் தூக்கி வருவார்கள்.

வியாழக்கிழமை, தண்ணீர் அலுவலகத்து ஐயா ஒருவர் வந்து கூட்டம் வைத்தார். நகரத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்ற பட்டியலை வாசித்தார். முதலாவது, நிலத்துக்குள் ஒழுகும் பழைய குழாய்களை மாற்றுவது. இரண்டாவது, ஆஸ்பத்திரிகளுக்குத் தடையில்லாத தண்ணீர். மூன்றாவது, பாடசாலைகள். இன்ஷிரா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். மேட்டு ஒழுங்கைகளுக்கான புதிய தண்ணீர்த் தாங்கி ஒன்பதாவதாக வந்தது. அதற்கு இரண்டு வருடமாகுமாம். குறை சொல்லவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எங்களுக்குத் தாருங்கள் என்று யார்தான் கேட்பார்கள்?

கூட்டம் முடிந்ததும் வலன்ரைன் முடிவாகச் சொல்லிவிட்டார். கம்பளையில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார். சனிக்கிழமையும் தண்ணீர் ஏறாவிட்டால் அங்கேதான் போவார்கள்.

இன்ஷிராவுக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டே யோசிக்கிற பிள்ளை. கீழே இருப்பவர்கள் முதல் இருபது நிமிடம் தண்ணீர் பிடிக்காமல் இருந்தால், தண்ணீர் மேலே ஏறத்தானே வேண்டும்?

மறுநாளே ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எல்லோரும் சம்மதித்தார்கள். மசியாதவர் ஒருவர்தான். ஆகக் கீழே கடை வைத்திருக்கும் ஹலீம் நானா.

"அந்த இருபது நிமிஷத்துக்குள்ள தண்ணி நின்டு போனா நான் என்ன செய்ற?" என்று கேட்டார்.

"அனற் வீட்ட ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நானா," என்றாள் இன்ஷிரா.

ஹலீம் நானா தாடியைச் சொறிந்தார். ஒரே ஒரு நாளைக்கு என்று ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தது. இன்ஷிராவும் அனற்றும் குழாயையே பார்த்தபடி நின்றார்கள். ஆறு மணி. உஸ். ஆறு ஐந்து. உஸ். ஆறு பத்துக்கும் அதே உஸ்தான்.

வலன்ரைன் கோபப்படவில்லை. "விடுங்க மகள், நீங்க செஞ்சதே பெரிய விசயம்," என்றார் மெதுவாக.

இன்ஷிராவுக்குத் தாங்க முடியவில்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள். யார் என்றும் அவளே தீர்மானித்துவிட்டாள். இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினாள்.

ஹலீம் நானா வாசலில் கதிரை போட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெறும் வாளிகள் வரிசையாக நின்றன. ஒரு சொட்டுக்கூடப் பிடிக்கவில்லை, பாவம். இன்ஷிராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. டங், டங், சளசள.

அது அந்த ஒழுங்கையின் பழக்கம். தண்ணீர் சில நாள் முந்தி வரும், சில நாள் பிந்தி வரும். அதனால் எல்லோரும் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். பேசின் முழங்கினால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் இன்ஷிரா அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

"நானா, பைப்பை மூடுங்க."

"நான்தான் பிடிக்கவே இல்லயே?"

"பிடிக்கல்ல. ஆனா கழிவுத்தண்ணிக் காணுக்குள்ள ஓடுது."

ஹலீம் நானா திரும்பிப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிக் குழாயை மூடினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். இடப்பக்க வீடுகள் அவருக்கு, வலப்பக்க வீடுகள் இன்ஷிராவுக்கு. எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை, ஒருவரும் குழாயை மூடவும் இல்லை. ஆகப் பெரிய முழக்கம் இன்ஷிராவின் வீட்டில். ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை என்ற பெருமையோடு உம்மா அந்தப் பேசினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் குழாயையும் மூடியபோது ஆறு பதினெட்டு. ஒழுங்கை அமைதியானது. இன்ஷிரா மூச்சு வாங்க மேலே ஓடினாள்.

அனற் வீட்டுக் குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு கட்டைவிரல் தடிப்பில் தண்ணீர் பாய்ந்தது! அனற் வாளியை மறந்து தலையைக் கொடுத்தாள். இன்ஷிராவும் தலையைக் கொடுத்தாள்.

பின்னால் ஏறி வந்த ஹலீம் நானா, நேரம் இனித்தான் தொடங்குகிறது, இன்னும் இருபது நிமிடத்துக்கு ஒருவரும் குழாயைத் தொட வேண்டாம் என்று கீழே பார்த்துக் கட்டளை போட்டார். அதன் பிறகும் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போதுமாக இருந்தது. காணுக்குள் ஓடவில்லையே! இனிப் பதினான்கு பேசின்கள் தேவையில்லை, தன் பேசின் ஒன்றே போதும், அது முழங்கினால் எல்லோருக்கும் தானே போனில் கோல் எடுப்பதாகவும் அவர் சொன்னார்.

வலன்ரைன் நிரம்பிய பீப்பாயை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பளை வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க, அந்த வீட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க," என்றார்.

இரண்டு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் அதை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.