பாஸ்வேட் கேட்காத லெப்டொப்

ட்ரிங்... ட்ரிங்...!

கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை. வாயில் கவ்விய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டு யசோதினி போனைக் காதில் வைத்தாள்.

"மிஸ்... குண்டசாலையில இருந்து ஸ்ரீதரன் பேசுறேன். புது ரவுட்டர் வாங்கியிருக்கேன். லெப்டொப் கனெக்ட் ஆகவே மாட்டேங்குது!"

"ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தீங்களா சார்?"

"கை வலிக்கிற அளவுக்குப் பண்ணிட்டேன்! உடனே வாங்க... ரொம்ப அவசரம்!"

"அப்படி என்ன சார் அவசரம்?"

"மகளுக்கு... ஒன்லைன் கிளாஸ்."

யசோதினி ஆட்டோ பிடித்தாள்.

பெரிய வீடு. வாசலிலேயே காத்திருந்தார் ஸ்ரீதரன். ஐம்பது வயது. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை. குளுகுளு காற்றிலும் நெற்றியில் வியர்வை!

"மகள் எங்க சார்?"

"டியூஷன் போயிருக்கா."

"ஒன்லைன் கிளாஸ்னீங்களே?"

"அது... வேற கிளாஸ். நீங்க வேலையைப் பாருங்க மிஸ்!"

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு லெப்டொப். பழையது. மூடியில் ஸ்டிக்கர்களைச் சுரண்டியெடுத்த தழும்புகள்.

"உங்க போன்ல வைபை வேலை செய்யுதா?"

"ஜோரா செய்யுது. இந்தச் சனியன்லதான் இல்ல!"

அவள் வைபை பட்டியலைத் திறந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வரிசையாக வந்தன. ஸ்ரீதரன் வீடு மட்டும் இல்லை!

"இது பழைய லெப்டொப் சார். உங்க புது ரவுட்டர் பேசுற அலைவரிசை இதுக்குக் கேட்காதுன்னு நினைக்கிறேன். ரவுட்டர்ல பழைய அலைவரிசையையும் திறந்துவிட்டா சரி. அதுக்கு முன்னால லெப்டொப்ல பிழை இல்லன்னு பார்த்துடுறேன். என் போன்ல ஹொட்ஸ்பொட் போடுறேன்."

"போன்ல இருந்தே நெட் குடுக்கலாமா?" ஸ்ரீதரன் வாயைப் பிளந்தார். "தெரிஞ்சிருந்தா இந்தப் பெட்டியை வாங்கியே இருக்க மாட்டேனே!"

யசோதினி சிரித்துக்கொண்டே ஹொட்ஸ்பொட்டைத் தட்டினாள்.

டிங்!

லெப்டொப் கனெக்ட் ஆகிவிட்டது!

சிரிப்பு அப்படியே உறைந்தது.

பாஸ்வேட் கேட்கவில்லை...!

முன்பே பழகிய வைபையோடுதான் ஒரு லெப்டொப் இப்படித் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தன் லெப்டொப் தவிர, யசோதினி அந்தப் பாஸ்வேட்டை அடித்துக் கொடுத்தது ஒரே ஒரு லெப்டொப்பில்தான். ஹுன்னஸ்கிரிய மலையில், ஒரு கல்யாண ஜோடியைப் படம் பிடிக்கப் போன சிநேகிதிக்குத் துணையாகப் போயிருந்தபோது.

இன்ஷிராவின் லெப்டொப்!

இன்ஷிரா மடவளைக்காரி. யசோதினியின் உயிர்ச் சிநேகிதி. கல்யாண வீட்டு போட்டோகிராபர். போன மாதம் ஒரு கல்யாணத்தில் படமெடுத்துவிட்டு வந்தாள். மறுநாளே ஹெல்மெட் போட்ட ஒருவன் அவளைக் கீழே தள்ளிவிட்டு லெப்டொப் பையைப் பறித்துக்கொண்டு பறந்தான். விழுந்ததில் அவள் கை முறிந்தது!

அதே கல்யாணத்தில் மணப்பெண்ணின் நகைப்பெட்டியும் காலி. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்த கஜலட்சுமிதான் எடுத்தாள் என்று, அந்த அப்பாவியை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள்.

"என்ன மிஸ்... முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல சார். ரவுட்டரைச் சரிபண்ணக் கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் என் ஹொட்ஸ்பொட்லயே உங்க வேலையைப் பாருங்க."

சொல்லிக்கொண்டே போனில் விரலை ஓட்டினாள்.

'உன் லெப்டொப் இங்க இருக்கு. குண்டசாலை, ஸ்ரீதரன் வீடு.' கூடவே இடத்தின் வரைபடமும்.

பதில் பாய்ந்து வந்தது.

'கல்யாணப் பொண்ணுட தாய்மாமா ஸ்ரீதரனா? அந்தாள விட்டுடாத! இல்ல இல்ல... நீ வெளிய ஓடு! பொலிஸோட வாறேன்!'

"யாருக்கு மெசேஜ்?"

முதுகுக்குப் பின்னால் ஸ்ரீதரன்!

"க... கடைக்கு சார்."

அவள் திரையை அணைப்பதற்கும் போன் கையிலிருந்து பிடுங்கப்படுவதற்கும் சரியாக இருந்தது. முன்கதவின் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது.

"என் வேலை முடியிற வரைக்கும் நீ எங்கயும் போக வேணாம். ஹொட்ஸ்பொட்டும் நிக்கக் கூடாது. சத்தம் வந்துச்சு... நடக்கிறதே வேற!"

இப்போது 'மிஸ்' இல்லை. குரலில் மரியாதையும் இல்லை.

லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரம் கண்கள் திரையில் எதையோ தேடின.

கிளிக்... கிளிக்... கிளிக்...!

நீண்ட பெருமூச்சு. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார்.

அப்போது...

தட்! தட்! தட்!

"பொலிஸ்! கதவைத் திறங்க!"

ஸ்ரீதரன் ஒரு கணம் திகைத்தார். பிறகு நிதானமாகப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். இன்ஸ்பெக்டர் ரிஸ்மி உள்ளே நுழைந்தார். பின்னாலேயே, கையில் மாவுக்கட்டோடு இன்ஷிரா!

"ஏன்ட லெப்டொப்!"

"உங்களுடையதா?" ஸ்ரீதரன் அப்பாவியாக முழித்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வித்தான், வாங்கினேன். திருட்டுச் சாமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நகை?" என்றார் ரிஸ்மி.

"என் சொந்த மருமகள் நகையை நான் எடுப்பேனா? ஆதாரம் இருந்தா காட்டுங்க சார்!" குரலில் இப்போது தெம்பு.

யசோதினி எழுந்தாள்.

"இப்ப என்னமோ அழிச்சீங்களே சார்... அது எங்க போயிருக்கும்?"

"எங்க போகும்? போனது போனதுதான்!"

"இல்ல சார். குப்பைக்கூடைக்குப் போகும். அங்க கொஞ்ச நாள் கிடக்கும்."

லெப்டொப்பைத் திருப்பி ஒரு தட்டு தட்டினாள்.

மூன்று படங்கள் எழுந்து வந்தன!

மூன்றிலும் மணப்பெண் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே... திறந்த நகைப்பெட்டியில் கைவிட்டபடி தாய்மாமா!

பிளாஷ் வெட்டியதை அவர் அன்றே கவனித்துவிட்டார்; அதனால்தான் லெப்டொப் பறிபோனது. இன்ஷிரா எடுக்கும் படமெல்லாம் இணையத்திலும் ஒரு பிரதி ஏறிவிடும்; அந்தக் கணக்கு திறந்திருப்பது இந்த லெப்டொப்பில்தான். அதையும் சேர்த்து அழிக்கத்தான் புது ரவுட்டர், மகள், ஒன்லைன் கிளாஸ், எல்லாமே!

இன்ஷிரா திரையையே பார்த்தாள். பிறகு ஸ்ரீதரனைப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே! நான் பொண்ணுட மொகத்த மட்டுந்தான் பார்த்தேன். ஆயிரக்கணக்குல படம் ஈக்கிது... கண்ணாடிக்குள்ள ஆரு பார்க்கப் போறா? நீங்க சும்மா இருந்தீந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே!"

ஸ்ரீதரன் தொப்பென்று கதிரையில் விழுந்தார்.

"கஜலட்சுமிய வெளிய எடுக்க இது போதுமா சார்?" என்றாள் யசோதினி.

"தாராளமாப் போதும்!" ரிஸ்மி விலங்கை எடுத்தார்.

ஜீப்பில் ஏறப்போன ஸ்ரீதரனை இன்ஷிரா கூப்பிட்டாள்.

"சார்... தண்டனை முடிஞ்சா நேரா நம்மட ஸ்டூடியோவுக்கு வாங்க. இத்தன படத்துல சரியான மூணை இவ்வளவு சுருக்கா தெரிவு செய்ற ஆளைத்தான் நானும் தேடிட்டு ஈக்கிறேன்!"