கடைசியாக வந்த கார்

செல்போன் அதிர்ந்தது.

தைஸ்தோ கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். திரையைப் பார்த்தான்.

ஹெல்வி. மனைவி.

"எங்க இருக்க?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கற. ரேஸ்ல."

"என் அண்ணன் செத்து மூணு நாள்தான் ஆச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னும் உடம்பைக்கூடத் தரல. நீ ரெண்டு நாளா அங்க சேத்துல கார் ஓட்டிட்டிருக்க."

"யல்மாரி இருந்திருந்தா போன்னுதான் சொல்லியிருப்பான்."

"அவன் இருந்திருந்தா..."

குரல் நின்றது.  

"போலீஸ் வந்திருக்கு," என்றாள். "நம்ம பட்டறையைத் தலைகீழாப் புரட்டிட்டிருக்காங்க. இரும்புத் துண்டு ஒண்ணு விடாம எடுத்துப் பையில போடறாங்க."

"போடட்டும்."

வைத்துவிட்டான்.

பட்டறையில் ஒன்றும் கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும். அவர்கள் தேடும் குழாய் இந்த நிமிடம் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

காருக்குள் ஓட்டுபவனைச் சுற்றிக் கட்டிய இரும்புக் கூண்டில், குறுக்குக் குழாயாக!

வியாழக்கிழமை மாலை. யல்மாரியின் கொட்டகை. யல்மாரி சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை உன் காருக்கு நான் சீட்டுப் போடப்போறேன்."

"விளையாடாத."

"விளையாடல. ஒரு குளிர்காலம் பூரா அதுக்குள்ள என்ன பண்ணின? பிரிச்சுப் பாக்கணும்."

இந்தப் பந்தயத்தின் சட்டம் அப்படி. ஓடிய எந்தக் காரையும், பந்தய லைசென்ஸ் உள்ள எவரும் சீட்டில் பெயர் எழுதிப் போட்டு விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை. இரண்டாயிரம் யூரோ. எவனும் பணத்தைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பல பேர் கேட்டால் குலுக்கல். விற்க மறுத்தால் லைசென்ஸ் போய்விடும்.

ஆனால் உறவுக்காரன் காரை உறவுக்காரன் கேட்பதில்லை. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது.

யல்மாரி திரும்பிக் காபி ஊற்றினான்.

தைஸ்தோவின் கையில், கூண்டுக்காக அங்கே ராவிக்கொண்டிருந்த குழாய் இருந்தது.

ஒரே அடி.

அதன்பிறகுதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். குழாயை ஏரியில் வீசியிருக்கலாம். ஃபின்லாந்தில் ஏரிக்கா பஞ்சம்? ஆனால் அது மூன்று மில்லிமீட்டர் கனமான குழாய். அளவெடுத்து, முனை குடைந்து, ராவி வைத்தது. வேறு குழாய் திங்கட்கிழமைதான் கிடைக்கும். கூண்டு முழுமையாக இல்லாத காரைத் தடத்தில் விடமாட்டார்கள். தைஸ்தோ வராத பந்தயத்தைப் பற்றி ஊர் பேசும்.

எல்லாவற்றையும்விட... நல்ல குழாயை வீச மனம் வரவில்லை.

துடைத்தான். கூண்டில் வைத்துப் பற்றவைத்தான். கறுப்பு பெயிண்ட் அடித்தான்.

சனிக்கிழமை காலை பரிசோதகர் அதையே சுத்தியலால் தட்டிப் பார்த்து, "சுத்தமான வேலை" என்று கையெழுத்துப் போட்டார்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. இந்தக் காரை யாரும் கேட்கக் கூடாது. தோற்ற காரை எவன் கேட்பான்?

தோற்றான். சனிக்கிழமை மூன்று ஓட்டம், மூன்றிலும் கடைசி. இன்று காலையும் கடைசி. இன்னும் ஒன்றுதான்.

"நீங்கதான் தைஸ்தோவா?"

திரும்பினான். ரப்பர் பூட்ஸ் போட்ட பெண். நாற்பது வயதிருக்கும். கையில் கடுகு தடவிய சாசேஜ்.

"ஐலா கொர்பி. குற்றப்பிரிவு."

"வெள்ளிக்கிழமையே எல்லாம் சொல்லிட்டேனே."

"அது என்கூட வேலை பாக்கறவர்கிட்ட." ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டாள். "என்ன இது, இவ்வளவு கம்பி? கோழிக்கூண்டு மாதிரி இருக்கு."

"கம்பி இல்ல. குழாய். கார் உருண்டா தலை தப்பணும்ல."

"எல்லார் தலையும் தப்பறதில்ல. ஒரு குழாய் மேல இன்னொண்ணு எப்படி இவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு?"

தைஸ்தோ இளப்பமாகச் சிரித்தான்.

"முனையைப் பிறை மாதிரி குடையணும். போலீஸ் ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க."

"தரல." சாசேஜைக் கடித்தாள். மென்றாள். அவசரமே படவில்லை. "யல்மாரி தலையில இருக்கற காயமும் பிறை மாதிரிதான்."

பக்கத்துக் காரின் எஞ்சின் உறுமி அடங்கியது. 

"அப்ப காரை எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான்.

"மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டேங்கறார். 'இந்த ஜில்லாவுல ஓடற எல்லா ரேஸ் கார்லயும் குழாய் இருக்கு, எத்தனை காரை அறுப்ப?'ங்கறார்."

"நியாயமான மனுஷன். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

ஐலா தலையாட்டிவிட்டு நடந்தாள்.

 வீட்டுக்குப் போனதும் முதல் வேலை... அறுக்க வேண்டும். ஏரியில் வீச வேண்டும்.

கொடி விழுந்தது.

ஆறு கார்கள். சேறு கண்ணாடியில் அறைந்தது. தைஸ்தோ வளைவுக்கு வளைவு காலைத் தளர்த்தினான். தலைக்கு மேலே அந்தக் குழாய் அதிர்ந்துகொண்டே வந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாவது.

இறங்கியபோது கௌகோ நின்றிருந்தான். மூன்று வருடமாக இந்தத் தடத்தில் ஜெயிப்பவன். தைஸ்தோவைக் கண்டாலே ஆகாதவன்.

"ஏண்டா, காரை ஓட்டினியா, தள்ளிக்கிட்டு வந்தியா?"

"எஞ்சின் சரியில்ல."

"போன வாரம் மணல் குவாரியில நீ ஓட்டிப் பாத்தப்ப நான் மேல நின்னு பாத்தேன். பறந்துச்சு. இன்னிக்கு ஆமையா? எவன்கிட்ட காது குத்தற?" சிரித்தான். "நல்ல காரை வச்சுக்கிட்டுக் கடைசியா வர்றவன் எதையோ மறைக்கறான். சீட்டுப் போட்டாச்சு."

தைஸ்தோ காரைத் திரும்பிப் பார்த்தான்.

ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது!

மேசைக்குப் பின்னால் இம்பி உட்கார்ந்திருந்தாள். பந்தய நிர்வாகி. ஒலிபெருக்கியில் கத்திக் கத்திக் கரகரத்துப் போன குரல்.

"தைஸ்தோ காருக்கு ரெண்டு சீட்டு."

"ரெண்டா?"

"ஏன், கணக்குல சந்தேகமா?"

ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தைஸ்தோ, கௌகோ ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தான். கௌகோ எஞ்சினைத்தான் பிரிப்பான். கூண்டைத் தொடமாட்டான்.

இம்பி சீட்டைப் பிரித்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"ஐலா கொர்பி."

 காரின் அடியிலிருந்து சேறு சொட்டுவது கேட்டது.

"போலீஸ்காரிக்கு ஏது லைசென்ஸ்?" என்றான் தைஸ்தோ.

"பதினாறு வருஷமா வச்சிருக்கா," என்றாள் இம்பி. "பெண்கள் பிரிவுல ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கா. பெண்கள் ஓடும்போது நீ பீர் குடிக்கப் போயிடுவ. உனக்கு எங்க தெரியும்?"

ஐலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கவரை மேசைமேல் வைத்தாள்.

"விக்க மாட்டேன்," என்றான்.

"தாராளமா. லைசென்ஸ் போகும், அவ்வளவுதான். ஆனா ஆறாவதா வந்த ஓட்டைக் காருக்காக ஒருத்தர் லைசென்ஸையே விட்டார்னு மேலதிகாரிக்கு ஒரு ஃபோன் போட்டா... அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து வந்துரும்."

இம்பி விற்பனைத் தாளை நகர்த்தினாள். பேனாவையும்.

தைஸ்தோ தாளைப் பார்த்தபடி நின்றான். பின்னால் யாரோ இருமினார்கள். கார்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று பின்னால் போய், திரும்பி, வெளியே போனது. அவன் இன்னும் நின்றிருந்தான்.

பிறகு கையெழுத்துப் போட்டான்.

"இப்ப இது என் கார்," என்றாள் ஐலா. "இதை அறுக்க நான் யார் அனுமதியும் கேக்க வேண்டியதில்ல. கௌகோ, உன் இரும்பு அறுக்கற கிரைண்டரைக் கொடு."

பொறி பறந்தது.

புதுப் பெயிண்ட் பளபளத்த குறுக்குக் குழாய் இரண்டு பக்கமும் அறுபட்டு அவள் கையில் வந்தது. டார்ச்சை உள்ளே அடித்தாள். பற்றவைத்த சூடு எட்டாத இடத்தில், முனையிலிருந்து நான்கு விரல் உள்ளே, காய்ந்த கறுப்புக் கறை. அதில் ஒட்டிய நாலைந்து மஞ்சள் முடி.

தைஸ்தோ தானாகவே கைகளை நீட்டினான்.

விலங்கை மாட்டிவிட்டு அவனைப் போலீஸ் காரில் ஏற்றினாள். கௌகோ பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஐலா... அந்த எஞ்சினை என்ன பண்ணப்போற?"

"கேஸ் முடியட்டும், உனக்கே தரேன். நல்ல வண்டி, நம்பி வாங்கலாம். சிங்கிள் ஓனர்... மெதுவாத்தான் ஓட்டினார்."