சாப்பிட்டாச்சா என்று கேட்ட கம்பைலர்

தைவானின் சிஞ்சூ ஊரில் காற்று ஓய்வதே இல்லை. அன்று மத்தியானமும் ஆபீஸ் ஜன்னல்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. என் கணவர் போ-யென் இறந்தபின் முதல் தடவையாக வேலைக்கு வந்திருந்தேன். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

"மெய்-ச்சி அக்கா! சாப்ட்டாச்சா?" என்றான் பக்கத்து மேஜை ஷூ.

"ஆச்சு" என்றேன்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கு நிரல் எழுதுகிறது. நாங்கள் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் போ-யென் செய்தது. அதற்கு வயதாகிவிட்டது, நிரல்மொழியின் புதிய விதிகள் எதுவும் அதற்கு விளங்காது. விளங்கவைப்பது இனி என் வேலை.

சர்வர்மேல் வழக்கம்போல் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் இருந்தது. 'சமர்த்தா இரு' என்று பெயர் போட்ட பொட்டலம். அது அங்கே உட்கார்ந்திருக்கும்வரை எந்திரம் மக்கர் பண்ணாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகியிருந்தது.

"அதான பாத்தேன், சர்வர் ஏன் இந்த ஆட்டம் ஆடுதுன்னு!" ஷூ ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து வைத்தான். "யாராவது பிரிச்சீங்க, கை ஒடிஞ்சிடும்."

கம்பைலரை ஓட்டினேன். பிழை ஏதுமில்லை. கடைசியில் ஒரு வரி.

'சாப்ட்டாச்சா?'

போ-யெனின் பழைய குறும்பு. வேலை முடிந்ததும் இப்படிக் கேட்கும்படி எழுதிவைத்திருந்தார். புதிய கம்பைலரில் இந்த விளையாட்டெல்லாம் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போ-யெனின் பேச்சென்று எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். அழித்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வரி இல்லாமல் கம்பைலரைப் புதிதாகச் செய்து மறுபடி ஓட்டினேன்.

'சாப்ட்டாச்சா?'

ஷூ எட்டிப் பார்த்தான். "புதுசப் பெத்தது பழசுதானேக்கா. வயித்துலேர்ந்தே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

அவன் சொன்னது சரி. இந்தக் கம்பைலரின் புதிய வடிவத்தைப் பழைய வடிவம்தான் செய்து தருகிறது. அதனால் வெளியிலிருந்து வேறொரு கம்பைலரைக் கொண்டுவந்தேன். பழையதன் நிழல்கூடப் படாமல் அதைக்கொண்டே புதியதைச் செய்தேன்.

புதிய விதிகள் எல்லாம் அதற்கு விளங்கின. திரையில் ஒரு வரி வந்தது.

'ஷூகிட்ட ஏன் பொய் சொன்ன?'

ஜன்னல் சத்தம் நின்றது.

வாசனை வந்தது. தேயிலையும் அன்னாசிப்பூவும் போட்டு போ-யென் அவிக்கும் முட்டையின் வாசனை.

"ஷூ," மெதுவாகக் கேட்டேன். "உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

"இல்லையே."

திரையை அணைத்தேன்.

சரிந்திருந்த புதுப் பச்சைப் பொட்டலத்தை நேராக வைக்க ஷூ கை நீட்டினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா... இது காத்தாட்டம் இருக்கு."

வாங்கிக் குலுக்கினேன். சத்தமே இல்லை. ஒட்டு பிரியவில்லை, எங்கும் ஓட்டை இல்லை. உள்ளே ஒன்றுமில்லை.

அணைத்த திரை தானாக எரிந்தது.

'எனக்கு ஆச்சு. உனக்கு?'

அவர் போனதிலிருந்து முதல் தடவையாக எனக்குப் பசித்தது.