மறக்காம வந்துருங்க அண்ணே

கறுப்புத் தாளை இப்போதுதான் விரித்தாள். அதற்குள் அதன் ஓரத்தில் ஓர் ஈரத் தடம். செல்வநாயகி குனிந்து பார்த்தாள். வலது பாதம் விரல்களோடு முழுசாகப் பதிந்திருந்தது. இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இழுப்பு. சாரல் அடித்திருக்கும் என்று துணியால் ஒற்றி எடுத்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தது துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஜோர்ஜ் டவுனில் பல்கலைக்கழகம் வாடகைக்குப் பிடித்திருந்த பழைய கட்டடம் அது. பக்கவாதம் கண்டவர்களின் நடையை ஆராயும் வேலை மாடியில் நடந்தது. உள்ளங்காலில் வெள்ளைப் பவுடர் பூசி, நீளக் கறுப்புத் தாளில் நடக்கவிட்டு, தடத்தை அளப்பார்கள். அளப்பதோடு சரி, வைத்தியம் கிடையாது. ஆள் சேர்ப்பது செல்வநாயகியின் பொறுப்பு. ஆராய்ச்சி என்றால் எவர் வருவார்? ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கி, "வந்து நடங்க அண்ணே, கால் சரியாயிரும்," என்றுதான் அழைத்தாள். கிளம்பும்போது ஒவ்வொரு வாசலிலும் அதே பாட்டு: "போயிட்டு வரேன் அண்ணே. மறக்காம வந்துருங்க."

துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு இடது கால் இழுத்துக்கொண்ட பக்கிரிசாமி அதை அப்படியே நம்பினார். போன மாதம் ஒரு நாள், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்று போன் செய்தார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர், நடக்க ஆள் இல்லை என்று கத்திக்கொண்டிருந்த நேரம். "அது ஒன்னும் இல்ல லா அண்ணே. மெதுவா படி ஏறி வாங்க," என்றாள். வந்தார். படித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் போன் பேச்சை அவள் எவரிடமும் சொல்லவில்லை. இழவு வீட்டில் அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு கால சரியாக்கிக்கிட்டு இருந்த பொண்ணு இதுதான்," என்று எல்லோருக்கும் காட்டினாள். செல்வநாயகிக்கு உடம்பெல்லாம் கூசியது. தப்பித்தால் போதும் என்று எழுந்தாள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பாழாய்ப்போன வாய் பழகிப் போயிருந்தது. சவப்பெட்டியைப் பார்த்து, "போயிட்டு வரேன் அண்ணே. மறக்காம வந்துருங்க," என்றாள்.

ஒப்பாரி நின்றுவிட்டது. "ஐயையோ, என்னா பொண்ணு இது!" என்றாள் யாரோ ஒருத்தி.

இன்று சவுந்தரம் வருகிறாள். அவளிடமும் அதே பொய்தான். டாக்டர் இன்னும் அக்கரையிலிருந்து வரும் ஃபெர்ரியில் இருந்தார். அவர் வருவதற்குள் உண்மையைச் சொல்லி இந்த ஒருத்தியையாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமே என்று உடனே பின்வாங்கவும் செய்தாள். தன்னை நினைக்கத் தனக்கே வெட்கமாக இருந்தது.

மழையில் சாயங்காலமே இருட்டிவிட்டது. ஓட்டுக்கூரையில் இடைவிடாமல் விழுந்த நீரின் இரைச்சலுக்கும், குழல் விளக்கின் ரீங்காரத்துக்கும், கீழ்க்கடைச் சட்டியில் வதங்கிய பூண்டு வாசனைக்கும் நடுவே, பவுடர் மணத்தை மெல்ல அமுக்கிக்கொண்டு, வாடிய மாலையின் வாசனை படி வழியாக ஏறி வந்தது. அதன் பின்னால் ஒரு காலடி. ஓர் இழுப்பு. சவுந்தரம்தான். அவளுக்கும் இடது கால் இழுக்கும்.

ஆனால் இழுப்பு இரண்டாகக் கேட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக.

படித் திருப்பத்தில் இரண்டும் நின்றன. வெகுநேரம் நின்றன. பிறகு ஏறின.

கதவைத் தள்ளிக்கொண்டு சவுந்தரம் வந்தாள். தனியாக. பாதி முகத்தில் சிரிப்பு. அசையாத இடது கை மட்டும் உடம்பை விட்டு விலகி உயர்ந்திருந்தது.

"மழையில மாட்டிக்கிட்டீங்களா அக்கா?"

"இல்ல லா. மருமவன் கெரெத்தா ஓட்டிக்கிட்டு வந்து வாசல்லயே எறக்கிட்டான். படிதான் பயமா இருந்துச்சு. நல்லவேளை, இந்த அண்ணே கையப் புடிச்சு ஏத்திவுட்டாரு."

பின்னால் யாரும் இல்லை. சவுந்தரத்தின் சட்டைக் கையில் முழங்கைக்கு மேல் மட்டும் ஈரம். விரல் விரலாக ஈரம்.

"அக்கா, வீட்டுக்குப் போயிருங்க. இது வைத்தியம் இல்ல. சும்மா அளந்து பாக்கிறாங்க. கால் சரியாகாது. நான் பொய் சொன்னேன் அக்கா."

சொல்லிவிட்டாள். ஒரு நொடி நெஞ்சு லேசானது.

சவுந்தரம் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்த வெறுமைக்குக் காது கொடுத்தாள். தலையாட்டினாள்.

"எனக்குப் பரவால்ல தங்கச்சி. இவருகிட்ட நீயே சொல்லிரு. பாவம், நீ வரச் சொன்னேன்னு வந்திருக்காரு. இன்னமும் சரியாயிரும்னு நம்பிக்கிட்டு இருக்காரு."

அவள் இடது கை தொப்பென்று தொடையில் விழுந்தது. பிடித்திருந்தவர் விட்டுவிட்டார்.

பவுடர் டப்பா சாய்ந்தது. தரையில் வெண்புகை. தாளின் அந்தக் கோடியில் ஒரு வலது பாதம். வெள்ளையாக. ஓர் இழுப்பு. வலது பாதம். இழுப்பு. அவளை நோக்கி.

சொல்ல வேண்டும். அண்ணே என்றாவது கூப்பிட வேண்டும். வாய் திறக்கவில்லை.

தாள் அவள் காலடியில் முடிந்தது. தடங்களும் அங்கே முடிந்தன. இரண்டு பாதங்கள், அருகருகே, விரல்கள் அவள் பக்கம். இடது பாதம் கோணலாகவே இருந்தது. அது நேராக முயன்றது. மறுபடியும் முயன்றது. அதன் கீழே தாள் மெல்லக் கிழிந்துகொண்டிருந்தது.